தாதியின் கையில் விளக்கு எதற்கு?

வைத்தியர் வருகிறார், பார்க்கிறார், எழுதுகிறார், அடுத்த கட்டிலுக்குப் போகிறார். தாதி இருக்கிறாள். இந்த ஒரு வேறுபாட்டை உணராதவர் தாதியர் கல்வியைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர் என்பதை முதலிலேயே கூறி வைக்கிறோம். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் மூச்சு மாறும்போது, அதைக் காண்பது வைத்திய நிபுணரின் கண் அன்று. சுகாதார அமைச்சின் செயலாளருடைய கண்ணும் அன்று. அண்மையிலே பயிற்சி முடித்து வந்த ஓர் இளந்தாதியின் கண்ணே அது. கண்டதன் பொருளை அவள் உள்ளம் உணருமாயின் நோயாளி பிழைப்பான். உணராதாயின், விடியுமுன் வெள்ளைத் துணி அவன் முகத்தை மூடும்.

உண்மை இவ்வாறிருக்க, தாதி மாணவியரின் கல்வியைக் குறித்து நம்மவரிடையே வழங்கும் எண்ணங்கள் யாவை? "கட்டில் விரிக்கவும் ஊசி போடவும் தெரிந்தாற் போதாதா? தாதிக்கு ஏன் இத்தனை படிப்பு?" என்பர் ஒரு சாரார். "படிப்பு வேண்டும், ஆனால் புத்தகத்தில் உள்ளதைப் பரீட்சையில் ஒப்புவித்தாற் போதும்" என்பர் இன்னொரு சாரார். "பகுத்தறியும் திறன் அனுபவத்தில் தானே வரும்; அதைக் கல்லூரியிற் கற்பிக்க இயலாது" என்பர் மூன்றாஞ் சாரார். "இனி எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்பர் நாலாஞ் சாரார். நால்வர் கூற்றும் பிழை. நால்வருடைய பிழைக்கும் விலை கொடுப்பவனோ கட்டிலிற் கிடப்பவன். ஆதலின் நால்வருக்கும் விடை கூறுவது நம் கடனாகிறது.

காய்ச்சல் இறங்கியது, ஆபத்து ஏறியது

முதலில், நாம் எதைப் பற்றி வழக்காடுகிறோம் என்பதை எல்லோரும் அறிந்த ஒரு நோயைக் கொண்டே விளக்குவோம். டெங்குக் காய்ச்சலை அறியாத குடும்பம் இலங்கையில் இல்லை. 2017ஆம் ஆண்டில் மட்டும் 186,000 பேருக்கு மேற்பட்டோர் அந்நோய் கண்டோராகப் பதியப்பட்டனர். 400 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஒரு காட்சியை மனக்கண்முன் நிறுத்துவோம். கமக்காரர் ஒருவரின் மகன், பதினாறு வயது. நாலு நாட் காய்ச்சலோடு விடுதியிற் கிடக்கிறான். ஐந்தாம் நாட் காலையில் உடல் குளிர்ந்துவிட்டது. "காய்ச்சல் விட்டுட்டுது, முருகா!" என்று தாய் கை கூப்புகிறாள். தாதி மாணவி வருகிறாள். வெப்பமானி வைத்துப் பார்க்கிறாள். வெப்பம் இயல்பு நிலையில் இருக்கிறது. குருதியமுக்கம் எடுக்கிறாள், 100/80. மேலெண் 90இற்குக் கீழே போனால் ஆபத்து என்று அவள் மனப்பாடம் செய்திருக்கிறாள். மேலெண் 100 அல்லவா? ஆகவே ஆபத்தில்லை. ஏட்டிலே அழகாக எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாள்.

அவள் சோம்பேறி அல்லள். கவனக்குறைவு உடையவளும் அல்லள். படித்ததைப் படித்தபடியே செய்தாள். ஆயினும் அந்தப் பையனைச் சாவின் வாயிலில் விட்டுவிட்டு நடந்தாள். எப்படி?

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையே ஆபத்தின் வாயில். நோயுற்றோரிற் பெரும்பாலார் அவ்வாயிலைக் கடந்து சுகம் பெறுவர். ஆனால் சிலருக்கு அந்த வேளையிலேதான் குருதிக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. குருதியின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறி வயிற்றிலும் நெஞ்சறையிலும் தேங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் வரை இக்கசிவு நீடிக்கும். உடல் சும்மா இருக்குமா? எஞ்சிய குருதியை மூளைக்கும் இருதயத்துக்கும் காப்பதற்காகக் கைகால்களின் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிறது. ஆகையால் மேலெண் விழாது நிற்கிறது, கீழெண் ஏறுகிறது, இரண்டிற்கும் இடையேயுள்ள வெளி குறுகுகிறது. நலமுள்ளவருக்கு 120/80 என்றால் அவ்விடைவெளி 40. நம் பையனுக்கோ 20. அந்த 20 என்ற எண்ணே உடல் எழுப்பும் அபயக்குரல். மேலெண் விழும்வரை காத்திருப்பவர் வீடு எரிந்து கூரை விழும்வரை காத்திருப்பவருக்கு ஒப்பாவர்.

இதே கட்டிலுக்கு இன்னொரு மாணவி வருகிறாள் என்று கொள்வோம். அவளும் அதே புத்தகத்தைப் படித்தவளே. ஆனால் அவள் 100/80 என்பதைக் கண்டதும் மேலெண்ணோடு நிற்கவில்லை, இடைவெளியைப் பார்க்கிறாள். பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறாள், குளிர்ந்திருக்கிறது. நாடியைப் பிடிக்கிறாள், விரைந்தோடுகிறது. "தம்பி, கடைசியாய் எப்ப சலம் போனது?" என்று கேட்கிறாள். "விடியப்புறம், மிஸ்" என்கிறான் பையன். குருதி எவ்வளவு தடித்திருக்கிறது என்பதைக் காட்டும் பரிசோதனையின் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடுகிறாள். பின்னர் வைத்தியரை அழைக்கிறாள். "நோயாளிக்குச் சுகமில்லை" என்று மொட்டையாகச் சொல்லவில்லை. "ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டுவிட்டது, அமுக்க இடைவெளி 20, கைகால் குளிர்ந்துள்ளது, சிறுநீர் குறைந்துள்ளது, கசிவு தொடங்கிவிட்டதென அஞ்சுகிறேன், உடனே வரவேண்டும்" என்கிறாள். வைத்தியர் வருகிறார். நீர் ஏற்றப்படுகிறது.

அதனோடு அவள் கடமை முடிந்ததா? இல்லை. நீரை அளவுக்கு மீறி ஏற்றினாலும் சாவுதான். கசிவு நின்றதும் வெளியேறிய நீர் குழாய்க்குள் திரும்பும். அப்போது நுரையீரல் நீரால் நிறையும். ஆகவே மணிக்கொருதரம் நாடி, அமுக்கம், மூச்சு, சிறுநீர் ஆகியவற்றை அளந்து அவள் விழித்திருக்கிறாள். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு ஏறத்தாழ 25 மில்லிலீற்றர் சிறுநீராவது போகின்றதா என்று பார்க்கிறாள். குறைந்தாலும் கேள்வி; மிகுந்தாலும் கேள்வி.

இரு மாணவியரும் கற்ற பாடம் ஒன்று. முதல்வளிடம் எண் இருந்தது. இரண்டாமவளிடம் எண்ணின் பொருள் இருந்தது. இந்த வேறுபாட்டைப் பற்றியதே நம் வழக்கு.

நிதானம் என்பது யாது?

நம் முன்னோரின் வைத்திய நூல்களில் நிதானம் என்றொரு சொல் உண்டு. நோயின் காரணத்தையும் குறியையும் ஆராய்ந்து துணிவதற்கு அது பெயர். பேச்சுவழக்கிலோ பதறாமையையும் அளந்து மதிப்பிடுதலையும் அச்சொல் குறிக்கும். நோயாளியின் அருகே தாதிக்கு வேண்டியது இவை யாவும் கூடிய நிதானமே.

இதனைக் கமக்காரருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. மிளகாய்க் கன்றின் இலை வாடிக் கிடக்கிறது. அறியாதவன் "தண்ணீர் விடு" என்பான். அறிந்தவனோ "எந்நேரத்தில் வாடியது?" என்று கேட்பான். உச்சி வெயிலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் வாட்டம். விடியற்காலையிலும் தலை கவிழ்ந்து கிடந்தால் நிலம் காய்ந்துவிட்டது. நிலம் ஈரமாயிருந்தும் கவிழ்ந்து கிடந்தால் வேரிலே நோய். இலை ஒன்றே, வாட்டம் ஒன்றே, பொருள் மூன்று. சட்டத்தரணியைக் கேளுங்கள்: சட்டப் பிரிவுகளை ஒப்புவிப்பவன் எல்லாம் வழக்கு வெல்வானா? எந்த வழக்குக்கு எந்தப் பிரிவு என்று துணிபவனே வெல்வான். கமத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வேண்டிய நிதானம் நோயாளர் விடுதிக்கு மட்டும் வேண்டாமோ?

இது மாயவித்தை அன்று. கூறு கூறாகப் பிரித்துக் கற்பிக்கக்கூடியது. அமெரிக்கத் தாதியியல் அறிஞர் கிறிஸ்டீன் ரனர் 2006இல் இதனை நாலு படிகளாக வகுத்தார்: கவனித்தல், பொருள் காணுதல், செயற்படுதல், செய்ததை மீள நினைத்தல். நம் இரண்டாம் மாணவி செய்ததை இந்த நாலு படிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். படி ஒன்றும் தவறவில்லை.

"ஏவலாள் போதும்" என்போருக்கு

வள்ளுவர் தமது மருந்து அதிகாரத்தில் வைத்தியத்தை நாலு கூறாகப் பகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு நோயாளியின் அருகிருந்து பணி புரிபவனையும் நாலாவது கூறாக எண்ணினார். நாலு காலில் ஒரு காலை முறித்துவிட்டுக் கட்டில் நிற்கும் என்று எதிர்பார்ப்பவரை என்னென்பது?

புளோரன்ஸ் நைற்றிங்கேலை "விளக்கேந்திய மங்கை" என்று படம் வரைந்து சுவரில் மாட்டி மாலை சூட்டுகிறோம். அவர் கையில் விளக்கு எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. அழகுக்கா? அன்பின் அடையாளத்துக்கா? பார்ப்பதற்கு! 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி வைத்தியசாலைக்குச் சென்றவர் அவர். அங்கே மாண்டோரின் கணக்கை ஆராய்ந்து, போர்க்காயத்தினும் நோயே மிகுதியான போர்வீரரைக் கொன்றதென்று எண்களாலும் படங்களாலும் பிரித்தானிய அரசுக்கு மெய்ப்பித்தவர். 1859இல் வெளிவந்த தமது நூலில் நோயாளியைக் கூர்ந்து நோக்குதலுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியவர். 1860இல் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிக்குக் கால்கோளிட்டவர். அவரை வெறும் இரக்கத்தின் சிலையாக்கி, அவருடைய மூளையை மறைத்துவிட்டோம். விளக்கை வைத்துக்கொண்டோம், பார்வையை எறிந்துவிட்டோம்.

எண்ணைக் காட்டு என்று கேட்பவருக்கு எண்ணையும் காட்டுவோம். 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வைத்தியசாலைக்குள் இருதயம் நின்றுபோன 64 நோயாளரின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. அவர்களுள் 54 பேருக்கு, இருதயம் நிற்பதற்கு முந்திய எட்டு மணி நேரத்துள்ளேயே நிலை மோசமாவதன் அடையாளங்கள் ஏட்டிற் பதிவாகியிருந்தன. எட்டு மணி நேரம்! சாவு சொல்லாமல் வரவில்லை, சொல்லிக்கொண்டே வந்தது. கேட்கும் செவி இருந்ததா என்பதே வினா.

2014இல் லிண்டா எய்க்கன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்ற நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளரை எடுத்துக்கொண்டது. ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாளுக்குள் மாளும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடக் காணப்பட்டது. பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 விழுக்காடு மிகுந்தபோது, அவ்வாய்ப்பு 7 விழுக்காடு குறையக் காணப்பட்டது. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை முற்றாக நிறுவாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் "தாதிக்குப் படிப்பு எதற்கு?" என்று இதற்குப் பின்னும் கேட்பவர், அவ்வினாவைத் தம் தாயின் கட்டிலருகே நின்று கேட்கட்டும்.

"மனப்பாடம் போதும்" என்போருக்கு

அறிவு வேண்டா என்று நாம் கூறவில்லை. அறிவில்லாத நிதானம் குருடன் எறிந்த கல். ஆனால் எந்த அறிவு? ஆயிரம் நோயின் பெயரை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பத்து அறிகுறியை ஒப்புவித்து, பரீட்சை முடிந்த மறுவாரமே மறந்துபோகும் அறிவா? அன்று. மூச்சு எவ்வாறு இயங்குகிறது. குருதி எவ்வாறு சுற்றுகிறது. உடலின் நீர் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது. உணர்வு எவ்வாறு மங்குகிறது. கிருமி உடலிற் புகுந்தால் என்ன நேர்கிறது. கொடுக்கும் மருந்து என்ன செய்யும், என்ன கெடுக்கும். இவையே அடிப்படை. இவற்றை வேரோடு அறிந்தவளுக்கு, முன்பு காணாத நோயும் முற்றிலும் அந்நியமாகாது.

உழவர் நாட்டில் இதற்கு வேறு சான்று வேண்டுமா? பூச்சிநாசினி உடலில் ஏறி வைத்தியசாலைக்கு வந்தோரின் துயரம் நம் கிராமங்களுக்குப் புதிதன்று. ஓகனொபொஸ்பேற் வகை நஞ்சுக்கு அற்றோப்பீன் கொடுக்கிறார்கள். வாய்நீர் வழிதலும் வியர்வையும் நிற்கின்றன. நோயாளி கண் திறந்து பேசுகிறார். உறவினர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் தோளும் தளர்ந்து, மூச்சுத் தசையும் சோர்ந்து, சிலர் திடீரென மாள்வதுண்டு. இந்த இடைநிலைக் கேட்டை 1987இல் உலகுக்கு எடுத்துரைத்தோர், பேராதனையைச் சேர்ந்த வைத்தியர்களான நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் ஆவர். நம் நாட்டு விடுதிகளிற் பிறந்த அறிவு இது! இதனைக் கண்டுகொள்வதற்கு இலட்சம் ரூபாய் இயந்திரம் வேண்டியதில்லை. "அப்பு, தலையணையிலிருந்து தலையை ஒருக்காத் தூக்குங்கோ பார்ப்பம்" என்று மணிக்கொருதரம் கேட்டாற் போதும். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்க இயலாதாயின், மூச்சு நிற்கும் வேளை நெருங்குகிறது. ஏன் கேட்கவேண்டும் என்று அறிந்த தாதியே கேட்பாள். "நஞ்சுண்டோரின் பராமரிப்பு: பத்துக் குறிப்புகள்" என்று ஒப்புவித்தவள் கேட்கமாட்டாள்.

மனப்பாடக் கல்வி விளைக்கும் இன்னொரு கேட்டையும் பாருங்கள். எந்த விடுதியிலும் ஏட்டைத் திறந்து மூச்சின் நிரலை நோக்குங்கள். காலை 20, மாலை 20, இரவு 20. இவருக்கும் 20, அவருக்கும் 20 என்று எழுதப்பட்டிருக்குமாயின், அங்கே மூச்சை எவரும் எண்ணவில்லை என்று துணியலாம். நோயாளியின் நிலை சரியும்போது பல வேளைகளில் முதலில் மாறுவது மூச்சின் வேகமே. அதனை ஒரு நிமிடம் முழுதும் நின்று எண்ணவேண்டும். "மூச்சை எண்ணு" என்று கட்டளையிட்டாற் போதாது. எண்ணுவது ஏன் என்று கற்பித்தால் அவள் தானே எண்ணுவாள்.

அமெரிக்காவில் தாதியாகப் பதிவு பெற விரும்புவோர் எழுதும் பரீட்சை 2023 ஏப்ரலில் மாற்றியமைக்கப்பட்டது. நோயாளி ஒருவரின் நிலையை விரித்துரைத்து, எந்தக் குறி முக்கியம், அதன் பொருள் யாது, முதலிற் செய்யவேண்டியது எது, செய்தபின் பயன் விளைந்ததா என்று படிப்படியாக அது வினவுகிறது. நம் பிள்ளைகள் கடல் கடந்து போகும்போது நிதானத்தில் அளக்கப்படுகிறார்கள். இங்கே நம்மிடம் பணியாற்ற வரும்போது ஞாபகத்தில் மட்டும் அளப்பது முறையாகுமா? அந்நிய நாட்டு நோயாளிக்கு ஒரு நீதி, அளவெட்டி நோயாளிக்கு ஒரு நீதியா?

"அனுபவம் தரும்" என்போருக்கு

அனுபவம் ஆசான் என்பதை மறுப்போர் யார்? புதியவள் தேர்ந்தவளாவதற்கு இடையே ஐந்து நிலைகள் உண்டென்றும், நோயாளரோடு பழகிப் பழகியே அவற்றை ஏறவேண்டுமென்றும் பற்றிசியா பெனர் 1984இல் எழுதினார். உண்மை. ஆனால் செக்கைச் சுற்றும் மாடும் நெடுந்தூரம் நடக்கிறது. எந்த ஊர் போய்ச் சேர்ந்தது? மீள நினைக்காத அனுபவம் வெறும் சுற்றலே. அன்றியும், "பிழைவிட்டுப் பழகட்டும்" என்றால், யாருடைய உயிரிலே பிழைவிட்டு?

எட்டடி விரியனைக் கமக்காரர் அறிவர். தரையிற் படுத்துறங்குபவரை இரவிலே தீண்டும், வலி பெரிதாயிராது, பல்லின் தடமும் தெரியாதிருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று வைத்தியசாலைக்கு வருவார். வயிற்றுவலிக்கு வயிற்றைப் பார்த்து அனுப்பினால் வழியில் மூச்சடைத்து மாள்வார். "இரவு எங்கே படுத்தீர்கள்?" என்று கேட்டு, கண்ணிமை கனத்துச் சரிகின்றதா என்று நோக்கும் மாணவி அவரைக் காப்பாள். இப்படியொரு நோயாளி தன் பயிற்சிக் காலத்தில் வராமலே போகலாம். அதற்காக அவள் அறியாமலே இருக்கவேண்டுமா? கல்லூரியில் இக்கதையை வினாவாக்கி, பத்து மாணவியரை வட்டமாக இருத்தி, "அடுத்து என்ன கேட்பாய்? ஏன்?" என்று வினவினால், ஓர் உயிரும் போகாமலே அனுபவத்தின் பாதிப் பயன் கிட்டும்.

இன்னுமொன்று. மாணவியை ஆட்குறைவை நிரப்பும் கையாக மட்டும் நடத்தும் விடுதியில் அனுபவமும் பிறவாது. காலை முதல் மாலை வரை ஓட்டம்; நின்று நோக்க நேரமில்லை; "ஏன்?" என்று கேட்டால் "வாய் நீளுகிறதோ?" என்ற ஏச்சு. ஏச்சுக்கு அஞ்சியவள் ஐயத்தை விழுங்குவாள். அவள் விழுங்கிய ஐயம் நோயாளிக்கு நஞ்சாகும். பெரியவர் எழுதிய மருந்தளவு பிழையென்று ஐயுற்றால் பணிவோடும் துணிவோடும் கேட்கும் மாணவியே நாளை நம் பிள்ளையின் காவல் தெய்வம். அவளை அடக்குவது ஒழுக்கமன்று; உயிர்க்கேடு.

"இயந்திரம் பார்க்கும்" என்போருக்கு

கருவியை நாம் வெறுக்கவில்லை. லண்டனிலுள்ள வைத்தியர்களின் அரச கல்லூரி 2012இல் ஓர் எச்சரிக்கை அட்டவணையை வெளியிட்டு, 2017இல் அதனைத் திருத்தியது. மூச்சு, ஒட்சிசன், அமுக்கம், நாடி, உணர்வு, வெப்பம் ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டுக் கூட்டினால் ஆபத்தின் அளவு தெரியும். நல்ல முறையே. ஆனால் எண்ணாத மூச்சுக்கு 20 என்று எழுதிக் கூட்டினால், கிடைப்பது பொய்யின் கூட்டுத்தொகை. நம் டெங்குப் பையனை நினையுங்கள்: அந்த அட்டவணை மேலெண்ணுக்கே புள்ளி இடுகிறது; இடைவெளிக்கு இடுவதில்லை. விரலிற் கவ்வும் ஒட்சிசன் மானியோ கை குளிர்ந்தபோது தடுமாறும். கறுப்பு நிறத்தவரின் குருதியில் ஒட்சிசன் குறைந்திருப்பதை அக்கருவி வெள்ளையரிலும் ஏறத்தாழ மும்மடங்கு அடிக்கடி தவறவிட்டதென 2020இல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கருவி எண்ணைத் தரும். அந்த எண்ணை நம்பலாமா என்று துணிவது மனிதமதி. அம்மதி இல்லாத கையில் கருவி விளையாட்டுப் பொருள்.

நோயாளியின் நாவு

நாலு சாராருக்கும் விடை கூறினோம். எவரும் பேசாத ஒன்று எஞ்சியிருக்கிறது. நிதானத்தின் முதற்படி கவனித்தல் என்றோம். கவனிப்பதற்குக் கண் மட்டுமா கருவி? செவியும் அல்லவா?

"அந்தரமாக் கிடக்குது, பிள்ளை" என்கிறாள் ஒரு வயோதிப மாது. எந்த ஆங்கிலப் பாடநூலின் அகரவரிசையிலும் "அந்தரம்" இல்லை. ஆனால் இருக்கவும் மாட்டாமல் படுக்கவும் மாட்டாமல் உயிர் தவிக்கும் அந்நிலை, குருதி குறைவதற்கும் ஒட்சிசன் குறைவதற்கும் முற்பட்ட குறிகளுள் ஒன்று. அச்சொல்லைக் கிழவியின் புலம்பல் என்று தள்ளுபவள் ஆபத்தின் தூதையே தள்ளுகிறாள். ஆங்கிலத்தில் அறிகுறியைப் படித்து, தமிழில் முறைப்பாட்டைக் கேட்டு, இரண்டையும் இணைக்கத் தெரியாது தவிக்கும் மாணவியின் நிலை இரங்கத்தக்கது. குற்றம் அவளுடையதன்று, இணைக்கக் கற்பியாத கல்வியுடையது.

இது இயலாத காரியமா? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து 1860களில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, பிரசவம், சத்திரசிகிச்சை ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் அன்று செய்ததை, நம்மவர் இத்தனை கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் வைத்துக்கொண்டு தொடரமாட்டாது நிற்பது வெட்கம் அன்றோ? ஆங்கிலம் வேண்டா என்று நாம் கூறவில்லை. உலகத்து வைத்திய அறிவுக்கு அது வாயில். ஆயினும் அவ்வாயிலால் நுழைந்த அறிவு நோயாளியின் நாவோடு வந்து பொருந்தவேண்டும். தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பில் 1987இல் எழுதப்பட்டது. ஏட்டில் எழுதியது கட்டிலருகே வரவேண்டும். தமிழ் நோயாளியைப் பார்க்கும் சிங்களத் தாதி தமிழறிதல் வேண்டும். சிங்கள நோயாளியைப் பார்க்கும் தமிழ்த் தாதி சிங்களம் அறிதல் வேண்டும். வலிக்கு இனமில்லை, ஆனால் வலியைச் சொல்லும் வாய்க்கு மொழி உண்டு.

நாம் கேட்பது

குறை கூறி ஒதுங்குவது நம் நோக்கமன்று. நாம் கேட்பவை ஐந்து.

ஒன்று: தாதியர் பரீட்சையின் ஒவ்வொரு வினாத்தாளிலும் நோயாளியின் நிலையை விரித்துரைத்து, "என்ன காண்கிறாய்? ஏன்? முதலில் என்ன செய்வாய்?" என்று வினவும் வினாக்கள் பெரும்பங்கு பெறவேண்டும். பரீட்சை எதைக் கேட்கிறதோ அதையே மாணவி படிப்பாள்.

இரண்டு: மாணவியர் பணிபுரியும் விடுதியில், பணிச்சுமையின்றிக் கற்பிப்பதற்கென்றே ஓர் ஆசிரியத் தாதி நிற்கவேண்டும். கட்டிலருகே கற்பித்த ஒரு மணி நேரம், மண்டபத்தில் ஒப்புவித்த ஒரு நாளினும் மேலானது.

மூன்று: மாணவியை ஆட்குறைவுக்கு ஒட்டுப்போடும் துணியாகக் கொள்ளுதல் ஒழியவேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அனுபவம் மிக்க தாதியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றதை நாம் அறிவோம். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தைக் கற்றுத் தேறாத கைகளால் அடைப்பது நோயாளிக்கும் மாணவிக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதி.

நாலு: பிழையையும் ஐயத்தையும் அஞ்சாது கூறும் வழக்கம் விடுதிதோறும் நிலைபெறவேண்டும். கிழமைக்கு ஒருதரமேனும் வைத்தியரும் தாதியரும் மாணவியரும் ஒருங்கிருந்து, நேர்ந்ததை மீள நினைக்கவேண்டும்.

ஐந்து: நோயாளர் வழங்கும் தமிழ்ச் சொற்களையும் அவற்றின் வைத்தியப் பொருளையும் தொகுத்து ஒரு கைந்நூல் வெளிவரவேண்டும். இதற்கு அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை; நம் வைத்தியரும் தாதியரும் ஆசிரியரும் மனம் வைத்தாற் போதும்.

கற்றறிந்த பெருமக்களே! உங்கள் மகள் தாதியாகப் போகிறேன் என்றால் முகம் சுளிப்பதை நிறுத்துங்கள். அறிவுக் கூர்மை மிக்க பிள்ளையை அத்தொழிலுக்கு அனுப்புவதை ஒரு பெருமையாகக் கொள்ளுங்கள். உழவர் பெருமக்களே! அடுத்த முறை வைத்தியசாலையில் ஒரு தாதி உங்கள் கட்டிலருகே நின்று நூறு கேள்வி கேட்டால் சலிக்காதீர்கள். பதில் சொல்லுங்கள், ஒன்றையும் மறையாது சொல்லுங்கள். கேள்வி கேட்காது ஏட்டில் எழுதிவிட்டுப் போகும் தாதியைக் கண்டே அஞ்சுங்கள்.

இன்றிரவும் எங்கோ ஒரு விடுதியில், காய்ச்சல் விட்ட ஒரு பையனின் பாதம் குளிர்ந்துகொண்டிருக்கிறது. அவன் அருகே விளக்கோடு ஒருத்தி வருகிறாள். அந்த விளக்கின் பின்னே ஒரு மதியும் எரியவேண்டும் என்று கேட்கிறோம். இது சலுகையன்று, கட்டிலிற் கிடக்கும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரியது.